அணைக்காத எஞ்சின்

நள்ளிரவு தாண்டி நாலாவது முறை
பம்ப் கத்துகிறது.
பதினோராம் அறை. உய்பான்.
போய்ப் பார்த்தால் அதே கதைதான்:
முழங்கையை மடக்கி, எம்பி,
ஜன்னல் கண்ணாடியின் உறைபனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

"கை, உய்பான்."
"லாரி, அக்கா."

யாகுத்ஸ்கில் இன்று மைனஸ் ஐம்பத்திரண்டு.
நவம்பரில் கிளப்பிய எஞ்சினை
மார்ச்சில்தான் அணைப்பார்கள் இங்கே.
அணைந்தால் டீசல் கூழாகிவிடும்,
பிறகு அடியில் தீ மூட்டினாலும் முனகாது.
கீழே வளாகத்தில் அவன் லாரி உறுமுகிறது,
உள்ளே மச்சான் கெஷா காவல்.
இரண்டு நாளாக இவனுக்குக்
காலில் சீழ் கோத்த புண் ஒரு பொருட்டில்லை.
புகை வருகிறதா, அதுதான் கேள்வி.

முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான்.
ஆம்புலன்ஸ்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்;
உறைந்த ஆற்றின் மேல், டார்ச் வெளிச்சத்தில்
கைக்கு அகப்பட்ட நரம்பு அது.
ஆனால் மடக்கும்போதெல்லாம்
கதவிடுக்கில் மாட்டிய விரல்போல நசுங்குகிறது.
நசுங்கினால் மருந்து நிற்கும்.
நின்ற இடத்தில்
ரத்தம் குடிவந்துவிடும்.

சிரிஞ்சை மாட்டி மெல்ல அழுத்தினேன்.
கட்டைவிரலுக்கு எதிரே ஒரு முரண்டு.
வேலைக்குச் சேர்ந்த வருடம்
இந்த முரண்டை நான் முட்டித் தள்ளியிருக்கிறேன்.
பள்ளி ஆசிரியை அக்ஸீனியாவின் கை
இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது.
இப்போது தள்ளுவதில்லை.
கழற்றினேன். பஞ்சு. அழுத்தம்.
முனையில் கடுகளவு கறுப்பு.

புதியதை இடது முன்கையில்,
மடிப்புக்குக் கீழே, நேரான இடத்தில்.
கண்ணாடிப் பிளாஸ்டர், தேதி, மணி.
பத்து மில்லி உப்புநீர்:
கொஞ்சம் தள்ளி, நிறுத்தி,
கொஞ்சம் தள்ளி, நிறுத்தி,
நீரே சுழன்று குழாயை அலம்பட்டும் என்று.
கடைசித் துளி போய்க்கொண்டிருக்கும்போதே
கிளிப்பைப் பூட்ட வேண்டும்,
சற்றே பிந்தினாலும்
ரத்தம் உள்ளே எட்டிப் பார்க்கும்.

பார்த்துக்கொண்டே இருந்தவன் சொன்னான்:
"ஆக்சிலேட்டரை நாங்களும் இப்படித்தான்
தட்டித் தட்டி விடுவோம், வண்டி நிற்கும்போது."
"அப்படியென்றால் நான்தான் உன் கெஷா" என்றேன்.
சிரித்தால் புண் வலிக்கிறதாம்.

அடுத்துச் செய்ததற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
துப்புரவுக்கார மோத்யாவைக் கூப்பிட்டு
கட்டில் சக்கரத்தின் பூட்டை எடுத்து
இடுப்பு ஒடியத் திருப்பினோம்.
வெந்நீர்த் துணியால் கண்ணாடியில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.
இனி படுத்தபடியே, கை நீட்டியபடியே
புகை தெரியும்.

பம்ப் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆறு மணி மருந்து முடிந்து
அலம்ப வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான்.
வட்டத்தின் ஓரம் மறுபடி பனி பூத்திருந்தது.
குனிந்து பார்த்தேன்.
புகை இல்லை.

கையில் இருந்ததை முதலில் முடித்தேன்:
தள்ளி, நிறுத்தி, தள்ளி, கிளிப்.
பிறகு யாருடையதோ ஒரு கோட்டை மாட்டி
மூன்று மாடி இறங்கி ஓடி
லாரிக் கதவை இடித்தேன்.
"கெஷா! நின்றுவிட்டது, எழுந்திரு!"

அரைத் தூக்கத்தில் சாவியைத் திருப்பினான்.
ஒரு இருமல். மறுபடி திருகினான்.
முரண்டு.
"முட்டாதே" என்று கத்தினேன்,
"விட்டு விட்டு, மெல்ல!"

எனக்கு லாரியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.