கிளாவர் ஒன்பது

காலை ஏழே கால் பாசஞ்சரில்
நான்கு மடி, ஒரு துண்டு.
துண்டு ரஹ்மத் நிஷாவுடையது,
சீட்டுக்கட்டு அமலோற்பவத்துடையது,
தோல்வி பெரும்பாலும் என்னுடையது.

மதுரையில் கலைத்துப் போட்டால்
விருதுநகர் வருவதற்குள் ஐந்தாறு ஆட்டம்.
ஏழு சீட்டு ரம்மி. காசு கிடையாது.
தோற்றவள், திருமங்கலத்தில் ஏறும் பையனிடம்
எல்லாருக்கும் வெள்ளரிப்பிஞ்சு வாங்க வேண்டும்,
மிளகாய்ப்பொடி தூவி.
ஆனி முழுக்க நானே வாங்கினேன்.
பையன் மற்ற மூவரைத் தாண்டி வந்து
எனக்கு மட்டும் வணக்கம் வைத்தான்.

கூட்டுறவுத் தணிக்கையில் இருக்கிறேன்.
அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையில் எழுதுவது
பிழைப்பு.
காரியாபட்டிப் பக்கம் ஒரு சங்கத்தில்
காணாமல் போன பதினோரு யூரியா மூட்டையை
ஒரே மதியத்தில் பிடித்தவள்.
சீட்டில் மட்டும்
"இன்னைக்குக் கை சரியில்ல" என்று
கையின் மேல் பழியைப் போட்டு இறங்குவேன்.

ஆடி மூன்றாம் தேதி
கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

தணிக்கைத் தடை ஒன்று:
ஆட்டின் ராணி போன பிறகும்
ஆட்டின் ராஜாவைக் கள்ளிக்குடி வரை சுமந்தது.
காரணம்: பார்க்க லட்சணமாக இருந்தான்.

தடை நான்கு:
முத்துராக்கு சிரித்தாள். கோபம்.
கோபத்தில் சேர்ந்திருந்த ஜோடியைப் பிரித்துப் போட்டது.

தடை பதினொன்று:
நிஷா எடுத்ததைப் பார்த்தேன்,
போட்டதைப் பார்க்கவில்லை.
ஜன்னலில் மயில்.

தடை பதினான்கு:
மறுபடி நான்கு.

கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளரிச் செலவு குறைந்தது.
ராஜாக்களைத் திருப்பரங்குன்றத்திலேயே
இறக்கிவிடப் பழகினேன்.
கோபம் வந்தால் எடுத்த சீட்டையே திரும்பப் போட்டு
அந்தச் சுற்றைக் கடத்தினேன்.
"நோட்டுப் போட்டு ஆடுறவகூட
எவடி ஆடுவா" என்று முத்துராக்கு
இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

ஒன்று மட்டும் தீரவில்லை.
கையில் கிளாவர் எட்டும் பத்தும்.
நடுவில் ஒன்பது வரும் வரும் என்று
சிவரக்கோட்டையைத் தாண்டியும் வைத்திருந்தது.
தடை ஆறு.
தடை பத்தொன்பது.
தடை இருபத்தேழு.
மூன்றின் கீழும் என் கையெழுத்தில்: பேராசை.

ஒரு ஞாயிறு, வாளியில் துணி ஊறும் நேரத்தில்
நோட்டை முதலிலிருந்து படித்தேன்.
யார் எடுத்தது, யார் போட்டது,
ஜெயித்தவள் விரித்த கை,
நூற்றுப் பதினேழு ஆட்டம்.
ஒருத்தியும் எடுக்கவில்லை.
ஒருத்தியும் போடவில்லை.
துணியை அப்படியே விட்டுவிட்டு
இன்னொரு தடவை படித்தேன்.

திங்கள் காலை துண்டை விரித்ததும்
"மொதல்ல எண்ணுங்கடி" என்றேன்.
ஐம்பத்தொன்று.
"மாதா மேல ஆண, வாங்குனப்ப முழுசாத்தான் இருந்துச்சு"
என்றாள் அமலோற்பவம்.
நிஷா குனிந்து இருக்கைக்கடியில் துழாவினாள்:
கடலைத் தோல், ஒரு கொண்டை ஊசி.

மூன்று பேராசையையும் அடித்தேன்.
அடித்த கை நின்றது.
எந்தச் சங்கத்துக்குள் நுழைந்தாலும்
பேரேட்டைத் தொடுமுன்
பெட்டியைத் திறந்து ரொக்கத்தை எண்ணு என்று
இருபது வருஷமாகப் புதிதாக வருகிறவர்களை
மிரட்டிக்கொண்டிருக்கிறேன்.
எழுதினேன்:
இருப்பைச் சரிபார்க்காமல்
நூற்றுப் பதினேழு ஆட்டம் ஆடியது.
வெள்ளரிக் கணக்கைக் கூட்டிப் பார்க்கவில்லை.

கட்டில் ஜோக்கர் ஒன்று உபரி.
அதில் வரைந்தேன். என்னிடம் இருந்தது சிவப்புப் பேனா.
கோமாளியின் குல்லாய்க்கு மேல்
ஒன்பது சிவப்பு கிளாவர்.

மறுநாள் முதல் சீட்டாக அதுவே எனக்கு வந்தது.
எட்டு இல்லை. பத்தும் இல்லை.
இத்தனை நாள் காத்த சீட்டு என்று
விரல் ஒரு கணம் ஒட்டியது.
தடை ஆறு, பத்தொன்பது, இருபத்தேழு.
திருப்பரங்குன்றம் மலை ஜன்னலுக்கு வருமுன்
போட்டுவிட்டேன்.

நிஷா அதை எடுத்தாள்,
எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் செருகி
ஏழையும் துண்டில் விரித்தாள்.

பையன் ஏற இன்னும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.
நோட்டை எடுத்தேன்.
பக்கம் நாற்பத்தொன்று.