தண்ணீர் ஊற்றிய நேரம்

இருபத்திரண்டாம் நிமிடத்தில்
மறுபடியும் "ம்" என்கிறேன்.
இதோடு முப்பத்தெட்டு.
பயிற்சி முடியும்வரை
என் சந்திப்புகளை நானே கேட்டு
ஒரு சொல் விடாமல் எழுதித் தர வேண்டும்,
இருமல், பெருமூச்சு, நாற்காலி நகர்ந்த சத்தம் உட்பட.
இரவு பதினொன்று. ரீகாவில்
பனியா மழையா என்று முடிவெடுக்காமல்
எதுவோ விழுந்துகொண்டிருக்கிறது.
காதில் ஹெட்போன். சூப் ஆறிவிட்டது.

அவர் தாலிவால்டிஸ். தாளில் வெறும் "த."
பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
நவம்பரில் ஒரு மாலை
சந்தைக்கு அருகே ஒருவர் தண்டவாளத்தைக் கடந்தார்;
கடந்து முடிக்கவில்லை.
விசாரணைக் குழு சொன்னது, ஓட்டுநர் மீது தவறில்லை.
மனைவி சொன்னாள். தொழிற்சங்கம் சொன்னது.
மூன்றாவது சந்திப்பில்
நானும் சொன்னேன்,
காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற அவசரத்தில்:
"உங்கள் தவறில்லை, இல்லையா?"
"இல்லை" என்றார்
கதவை மெல்லச் சாத்துகிறவரைப் போல.

வகுப்பில் எவ்வளவோ சொன்னார்கள்.
கடிகாரத்தை அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டு.
டிஷ்யூப் பெட்டி எட்டும் தூரத்தில் இருக்கட்டும், நீட்டாதே;
நீட்டினால் அழுதது போதும் என்று பொருள்.
"புரிகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதே.
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
அப்படியும் நேற்று, நான்காவது சந்திப்பில்,
அவர் குரல் கம்மியதும்
எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றினேன்.
அவருக்குத் தாகம் என்று யார் சொன்னது?
தொண்டை வறண்டது எனக்கு.

ஜாடி. டம்ளர். களகளவென்று நீர்.
அதற்கு அடியில் என்னவோ.
பின்னுக்கு ஓட்டிக் கேட்கிறேன்.
மறுபடி.
ஒலியைக் கூட்டினால் தண்ணீரும் கூடுகிறது.
ஒன்பதாவது முறை
கோட்டுப் பையின் கிழிசலுக்குள் விழுந்த சாவி
விரலில் இடிக்கிறது:
"மணியை அடித்தேனா என்றே தெரியவில்லை."

உடனே நான்: "இந்தாருங்கள்."
அவர்: "நன்றி."
பிறகு இருவரும் பனியைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

காது கொடுத்துக் கேள் என்பார்கள்.
கொடுத்துத்தான் இருந்தேன்,
ஜாடிக்கு.

குறிப்பேட்டைத் திறக்கிறேன்.
ஒன்று: வலது குதிகால் தரையைத் தட்டியபடி இருக்கிறது. பதற்றம்.
இரண்டு: அதேதான். பதற்றம்.
மூன்று: மூச்சுப் பயிற்சி தந்தேன். கால் நிற்கவில்லை.
அவர் வண்டியில் மணி
ஓட்டுநரின் காலடியில் இருக்கிறது.
முதல் நாளே சொல்லியிருக்கிறார், என் கையெழுத்தில் இருக்கிறது.
இந்த ஊரிலேயே பிறந்து
டிராமில் ஏறி இறங்கியே வளர்ந்தவள் நான்.

அடுத்த செவ்வாய்
ஜாடியை முன்னமே மேஜையில் வைத்துவிட்டேன்.
"போன வாரம் நான் தண்ணீர் ஊற்றும்போது
மணியைப் பற்றி ஏதோ சொன்னீர்கள்.
அப்போது என் காதில் விழவில்லை.
பதிவில்தான் கேட்டேன்."

கால் நின்றது.

"அடித்திருப்பீர்கள்"
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
அடித்தாரோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்?
கீழே தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது.
இருவரும் கேட்டோம்.
"அது ஸ்கைத்ரிதே" என்றார்,
"வளைவில் எப்போதும் பிரேக்கைக் கொஞ்சம் முந்திப் பிடிப்பாள்."
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன், பொய் சொல்வானேன்,
இரண்டு முறை.

"கால் அழுத்தின மாதிரி இருக்கிறது.
சத்தம் வந்த மாதிரி இல்லை."

"ம்" என்றேன்.

கிளம்பும்முன் டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார்.
நான் தடுக்கவில்லை.
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
முன்னேற்றம், பத்துக்கு எத்தனை.
மூன்று என்று எழுதினேன், அடித்தேன்.
காலிக் கட்டத்தை அலுவலகம் திருப்பி அனுப்பும்.
அனுப்பட்டும்.