ஏழரை

டின் மேல் பதினைந்து கிலோ என்று போட்டிருக்கும்.
என் கையில் இருப்பது லிட்டர் அளவை.
பதினைந்தில் பாதி ஏழரை.
அதற்கு மேல் யோசிக்கிற ஆள் இல்லை நான்,
யோசிக்கிற நேரமும் இல்லை அது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி
நின்று நின்று ஊர்ந்து முடிய,
கேரியரில் டின்னோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
ஜி.ஏ. ரோடு முனைக்கு வரும்போதே மணி நாலு.
மாவு கரைக்க வேண்டும். வாழைக்காய் சீவ வேண்டும்.

எனக்கு பஜ்ஜி.
பிலோமினாவுக்கு வஞ்சிரமும் நெத்திலியும்.
டின்னில் ஆளுக்குப் பாதி, காசிலும் ஆளுக்குப் பாதி.
முத்திரை குத்திய அலுமினிய அளவையால்
ஏழு முறை தளும்பத் தளும்ப, பிறகு ஓர் அரை,
அவள் குடத்தில் ஊற்றுவேன்.
மிச்சம் என்னுடையது.
மிச்சம் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும்.
தேனெடுத்தவன் புறங்கை என்று விட்டுவிட்டேன்.

புயல் வந்த வாரம் மண்டி மூடிக் கிடந்தது.
மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி
முனையைப் பல்லால் கடிக்கப் போனவன்
கண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தேன்,
எறும்பு வரிசை மாதிரி எழுத்து:
நிகர அளவு 1 லிட்டர் / 910 கிராம்.

பாக்கெட் வாயிலேயே இருந்தது.

ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை.
எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், தெரியும்.
மழைத்துளி சட்டிக்குள் விழுந்தால்
அடிக்குப் போய்த்தான் வெடிக்கும், அதுவும் தெரியும்,
முழங்கையில் மூன்று தழும்பு சாட்சி.
அதுதான் இது என்று தெரியவில்லை.

பஜ்ஜி மடிக்கிற தாளில் வகுத்தேன்,
பதினைந்தாயிரத்தைத் தொள்ளாயிரத்துப் பத்தால்.
பதினாறரை, ஒரு மூக்கு குறைய.
பாதி எட்டேகால்.
கொடுத்தது ஏழரை.
டின்னுக்கு முக்கால் லிட்டர்
அவளுடையது என் சட்டியில் கொதித்திருக்கிறது.

வாரம் ஒரு டின். அறுபது வாரம்.
நாற்பத்தைந்து லிட்டர்.
கிலோவில் சொன்னால் நாற்பத்தொன்றுதான்.
கிலோவிலேயே சொல்லலாமா என்று கொஞ்சம் பார்த்தேன்.
டின் அடியில் வடியாமல் ஒட்டியது
என் பங்கில்தானே, அதைக் கழித்தேன்.
வெயிலில் எண்ணெய் உப்புமே, அதையும் கழிக்கலாமென்று போட்டால்
அந்தக் கணக்கு அவள் பக்கமே சாய்ந்தது.
ராத்திரி பன்னிரண்டு ஆனது.

ஏழரை வந்தால் சனியைச் சொல்வார்கள்.
இந்த ஏழரையை ஊற்றியது நான்.

வியாழக்கிழமை டின் வந்தது.
எட்டு முறை தளும்ப, பிறகு ஒரு கால்.
மீன் நிறுக்கிற தராசு அவள் வண்டியில்தான் இருந்தது,
செதில் ஒட்டி, சிவப்பு எண்கள் மினுங்கிக்கொண்டு.
அறுபது வாரமும் அங்கேயேதான் இருந்தது.
குடத்தை ஒரே ஒரு தடவை அதன்மேல் வைத்திருந்தால் போதும்.
வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"இன்னா தணிகா, இன்னிக்கு கை தாராளமாக் கீது?"

"டின்னு ரொம்பி வந்துகீதுக்கா" என்றேன்.
வாயில் வந்தது அதுதான்.

அரை மணி கழித்து நெத்திலி வந்தது.
பத்துப் பன்னிரண்டு இருக்கும், கறிவேப்பிலையோடு,
தாளில் மடித்து.
காசை நீட்டினேன்.
"அட போப்பா, எண்ண ஊத்தலியா நீ?"

தாளில் எண்ணெய் பரவப் பரவ
அந்தப் பக்கத்துச் செய்தி இந்தப் பக்கம் தெரிந்தது.
தலைகீழாக, யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி.
தின்றேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது.

நாற்பத்தைந்து அப்படியே நிற்கிறது.
வாரம் எட்டேமுக்கால் ஊற்றினால்
தொண்ணூறு வாரத்தில் தீரும்.
தொண்ணூறு வாரமும்
நெத்திலி வருமே.