முப்பது பாகம்

வாளித் தண்ணீரில் முக்கினேன்.
ஊசிமுனை அளவு குமிழி,
ஏழு வினாடிக்கு ஒன்று.
மண்டபத்தில் கரண்ட் போன மதியம்,
எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லை.

பதினோரு வருஷத்து ரெகுலேட்டர்.
குரோம் உரிந்த இடத்தில் பித்தளை இளிக்கிறது.
மவுத்பீஸில் என் கடைவாய்ப் பல்லின் தடம்.
யாரும் திருடமாட்டார்கள், அது ஒரு வசதி.

புதியது தொண்ணூற்றாறாயிரம்.
உள்ளே உப்புத் தண்ணீர் புகாது.
தலை சுழலும். வாய் திருகி மாட்டுவது,
எந்த அழுத்தத்துக்கும் அசையாதாம்.
"பின்னாடி டெக்னிக்கல் டைவிங் போறதா இருந்தா
இப்பவே மாத்திடுங்க மேடம்,"
என்றான் சென்னைக் கடைக்காரன்.
பின்னாடி என்பது எத்தனை மீட்டர் என்று
நான் கேட்கவில்லை.

என் வேலை நாலு மீட்டரில்.
முயல் தீவுக்குத் தெற்கே, சிமெண்ட் சட்டங்களில்
பவளக் கிளையைக் கட்டிவிட்டு
மாதம் ஒருமுறை அளவுகோல் வைப்பது.
மர்ஜானா பாதி நாள்
மூச்சைப் பிடித்தே அதை முடித்துவிடுவாள்.
பன்னிரண்டு மாத ஒப்பந்தம்,
பதினோரு மாதச் சம்பளம்.

ஆனால் முத்துவாப்பா ஓர் இடம் சொல்கிறார்.
கீழக்கரையிலிருந்து வெளிக்கடலுக்கு,
கச்சான் ஓய்ந்த நாளில், மூன்று மணி நேரம்.
முப்பது பாகம்.
மூன்று வலை போயிருக்கிறது அவருக்கு அங்கே.
"பாராத்தான் இருக்கும். இல்லன்னா கப்பல்."

பாறைத்திட்டும் பார்,
சிலிண்டரில் அடைபட்ட காற்றின் அளவும் பார்.
மூன்றாவது பார் வெறும் வினைச்சொல்.
தூங்கவிடாதது அதுதான்.

முப்பது பாகம், ஐம்பத்து நாலு மீட்டர்.
அங்கே ஒரு மூச்சு, இங்கே ஆறு மூச்சுக்கும் மேல்.
வெறும் காற்றே கள்ளாகிவிடும்,
ஹீலியம் கலக்க வேண்டும்.
நான் ஹீலியத்தைக் கண்டது
புதுமடத்துக் கல்யாண பலூனில்.
அதுவும் ஹைட்ரஜன் என்றார்கள்.

இரட்டைச் சிலிண்டர், ஆகவே இரண்டு ரெகுலேட்டர்,
ஒன்று செத்தால் ஒன்று.
ஒன்று மட்டும் வாங்கினால்
பாதி வாங்கியதாகக்கூட ஆகாது.
பயிற்சிக்குக் கடல் தாண்டிப் போகவேண்டும்.
ஏறிவர ஒன்றரை மணி,
கயிற்றில் ஈரத்துணிபோல் நீவாட்டில் ஆடிக்கொண்டு.
அவசரப்பட்டால்
ரத்தம் உடைத்த சோடா பாட்டில்.

போன வாடையில் மர்ஜானாவின் குழாய் வெடித்தது,
பதினாறு மீட்டரில்.
வெள்ளைக் குமிழிக்குள் அவள் முகமே காணோம்.
என் மஞ்சள் குழாயை நீட்டினேன்.
நாலு நிமிஷம்
இந்த இளித்த பித்தளைதான் இரண்டு பேருக்கும்.
படகேறியதும் அவள் சொன்னது,
"உன் ரெகுலேட்டர்ல ரப்பர் வாடை."

ஐயாயிரத்துக்கு சர்வீஸ் கிட் வரவழைத்தேன்.
ஓ-ரிங் ஒன்றில் ஒரே ஒரு மணல்.
ஏழு வினாடிக் குமிழிக்கு அதுதான் முதலாளி.

பிறகு முத்துவாப்பாவிடம் நூலில் முடிச்சுப் போடச் சொன்னேன்,
பாகத்துக்கு ஒன்று.
நுனியில் ஈயம், ஒரு விளக்கு,
மர்ஜானாவின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய கேமரா.
பார்ப்பதற்கு மூச்சு எதற்கு?

பதினைந்து நிமிஷப் படம்.
பச்சை. கரும்பச்சை. ஒன்றுமில்லை.
ஒரு மீன் விளக்கை முட்டிவிட்டுப் போனது.
பதினோராவது நிமிஷத்தில் வலை,
மூச்சுவிடுவதுபோல் மெல்ல உப்பி, அமுங்கி.
அதன் பின்னால் ஒரு கோடு.
நேர்கோடு.
பிறகு நீவாடு கேமராவைத் திருப்பிவிட்டது.

"பாறைதான்," என்றார் முத்துவாப்பா,
போனை என் கையில் கொடுத்துவிட்டு,
மறுபடி வாங்கி,
மறுபடி பதினோராவது நிமிஷத்துக்குத் தள்ளி.

இரவு வாளியில் முக்கிப் பார்த்தேன்.
குமிழி இல்லை.
எழுபது வரை எண்ணினேன், நூறு வரை.
நல்ல ரெகுலேட்டர்.
புதியது இப்போது
தொண்ணூற்றெட்டாயிரம்.