வடக்குச் சுவர்

கடிதம் வந்தது, மூன்றே வரி.
படுக்கையறை மூலையில் பூஞ்சணம் படர்வதற்கு
நீங்கள் அளவுக்கு மிஞ்சி அவிப்பதே காரணம்.
மரியாதையுடன், வீட்டு நிர்வாகம், ஓல்ற்றன்.

குலேந்திரன் கதவை அடித்துச் சாத்தினான்.
நான் ஒரு கொப்பி எடுத்தேன்.
பத்தொன்பது பிராங்குக்கு ஈரமானி ஒன்று வாங்கினேன்:
காற்று காய்ந்திருந்தால் சிரிக்கும் முகம்,
ஈரம் ஏறினால் அழும் முகம்.

முதற்பக்கத்தில் 'மாறிகள்' என்று தலைப்பிட்டேன்.
புட்டு. இடியப்பம். யன்னல். ஹீற்றர்.
சுவரோடு ஒட்டிய அலுமாரி.
குளித்தபின் அவன் சாத்த மறக்கும் கதவு.
இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு.
எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்றினால்
எது செய்த வேலை என்று சுவர் சொல்லாது.
கிழமைக்கு ஒன்று, அவ்வளவுதான்.

முதற்கிழமை ஆவி இல்லை.
ஹீற்றர் மூன்றில், யன்னல் காலையும் மாலையும் பத்து நிமிடம்,
அலுமாரி இருந்த இடத்திலேயே.
பாணும் சீஸும் தின்றோம்.
நாலாம் நாள் கேட்டான்:
"சுவருக்காக நான் பட்டினி கிடக்கவோ?"
கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன்.
கறை கோட்டைத் தாண்டியது.

இரண்டாம் கிழமை புட்டு திரும்பி வந்தது.
அலுமாரியை ஒரு சாண் முன்னே இழுத்தேன்.
'மற்றவை முன்போல' என்று எழுதினேன்,
ஆனால் ஆரே ஆற்றின் மூடுபனி
ஒன்பது நாள் கூரைகளை விட்டு எழும்பவில்லை.
மாறியைக் கட்டி வைக்கலாம்,
மாரியை யார் கட்டுவது?
புதன்கிழமை அவனுக்குச் சளி வேறு.
போர்வைக்குள் குனிந்து ஆவி பிடித்தான்,
மேசையில் ஈரமானி அழுதுகொண்டிருந்தது.
அந்த நாளை நான் வெட்டவில்லை.
ஓரத்தில் 'சளி' என்று குறித்தேன்.

அப்போதுதான் உறைத்தது:
எதுவுமே நடக்காத வீடு ஒன்று என்னிடம் இல்லை.

நேர் மேல்வீடு ஆகஸ்டிலிருந்து வெறுமை.
திறப்பு ஹவுஸ்வார்ட் பொய்ட்லரிடம்.
எதற்கென்று கேட்டார், கொப்பியை நீட்டினேன்,
நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார்,
பிறகு சப்பாத்தைத் துடைத்துவிட்டு முன்னே ஏறினார்.

சட்டி இல்லை, கட்டில் இல்லை, மூச்சு இல்லை.
அதே மூலையில்
உள்ளங்கை அளவு கறுப்பு.
கைகொட்ட வேண்டும்போல் இருந்தது.
அவர் ஹீற்றரைக் காட்டினார்:
"இது நட்சத்திரத்தில் நிற்கிறது, உறையாமல் இருக்க மட்டும்.
உங்கள் வீட்டில் மூன்று. இரண்டும் ஒன்றல்லவே."
வெட்கமாய்ப் போயிற்று. எழுதிக்கொண்டேன்.
அவரோ குனிந்து மூன்றுக்குத் திருகினார்.
"நிர்வாகத்துக்குச் சொல்லாதீர்கள்" என்றார்.
தன் பென்சிலாலேயே கோடு போட்டார்.
கீழே நான் அலுமாரியை அடுத்த அறைக்கே தள்ளினேன்,
மேலே அலுமாரி இல்லையே.
யன்னலுக்கு அவர் அங்கே, நான் இங்கே,
ஏழு மணிக்கு, பத்து நிமிடம்.

மூன்று கிழமை.
மேலே கறை வளர்ந்தது ஒரு நூல்.
கீழே மூன்று நூல்.

நிர்வாகத்துக்கு எழுதினேன்:
யாருமே அவிக்காத வீட்டிலும் உங்கள் சுவர் கறுக்கிறது.
மூன்றில் ஒரு பங்கு அதன் சொந்தம்.
இரண்டு பங்கு எங்களுடையது.
ஒரு கட்டடம், இரண்டு மூலை, மூன்று கிழமை:
இதைவிட உறுதியாய்ச் சொல்ல என்னிடம் வீடுகள் போதாது.

குலேந்திரன் வாசித்துவிட்டுப் பாய்ந்தான்:
"இரண்டு பங்கை ஏன் ஒத்துக்கொண்டாய்?"
கொப்பியில் அப்படித்தான் இருக்கு என்றேன்.
"அதில் புட்டு எவ்வளவு, மூச்சு எவ்வளவு?"

அதைப் பிரித்துப் பார்க்க
இன்னொரு மாரி வேண்டும்.