கல்லிவல்லி

குற்றம் என்றால் என்ன
என்று பலகையில் எழுதிவிட்டு
மார்க்கர் மூடியைத் தேடினார் டாக்டர் ஹனான்.
ஹராம், என்றான் முன்வரிசைப் பையன்.
சிரித்தோம்.
செயலில் இல்லை குற்றம்,
அதன்மேல் ஒட்டுகிற பெயரில் இருக்கிறது
என்று நான் குறித்துக்கொண்டேன்.
பச்சை மையில் அடிக்கோடு.
தேர்வுக்குக் கட்டாயம் வரும்.

களப்பணிக்கு எனக்கு விழுந்தது ஸஜா கேம்ப்,
அறை நூற்றுப் பதினான்கு.
எட்டுக் கட்டில்,
ஏசிக்கு அடியில் ஒரு பெயின்ட் வாளி,
சொட்டுச் சொட்டாய் அது நிறைவதைக்
கேட்டபடி கேள்விகள் கேட்டேன்.
ஏழாம் கேள்வியில்
'அப்ஸ்காண்டிங்' வந்தது. நாக்கு நின்றது.
தலைமறைவா? தப்பியோட்டமா?

சேதுராசுதான் எடுத்துக் கொடுத்தார்:
"கல்லிவல்லின்னு போடு பாப்பா,
எல்லாருக்கும் வெளங்கும்."
அரபியில் அதற்கு 'விட்டுத்தள்ளு' என்று பொருள்.
யார் யாரை விட்டார்கள் என்பது
அந்தச் சொல்லில் இல்லை.

எங்கே ஒளிந்திருந்தீர்கள்?
"ஒளியவா? ரோட்டுக்கு அந்தாண்ட, டயர்க் கடைல.
நாலு மாசம் சம்பளம் வரல.
மத்தியானச் சோத்துக்கு
இந்த மெஸ்ஸுக்குத்தான் வருவேன்.
எல்லாப் பயலுக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்த தலைமறைவு.
கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

தலையணை உறைக்குள்ளிருந்து
பாலித்தீன் கவரில் ஒரு நகல் எடுத்தார்.
மூன்று நாள் வரவில்லை,
இருக்குமிடம் தெரியவில்லை.
கீழே
கடைசி எழுத்தின் வால் மேலேறிச் சுழன்ற
ஒரு கையெழுத்து.
செமஸ்டருக்கு இரண்டு தவணை,
காசோலையில்
நான் பார்க்கிற வால்.

அப்பா டைம் கீப்பர் என்பது தெரியும்.
எந்தெந்த கேம்ப் என்று கேட்டதில்லை.

"பாப்பா பேரு?"
"மெர்லின்."
"யாரு புள்ள?"
வாளி நிறைந்துவிட்டது என்றேன்.
எழுந்து போய்
கழிவறையில் ஊற்றிவிட்டு வந்தார்.
அதற்குள் ஒப்புதல் படிவத்தில்
கையெழுத்துப் போட்டு முடித்தேன்,
இனிஷியல் இல்லாமல்.

அல்நஹ்தாவில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஐந்தாவது மாடி.
ஒவ்வொரு திருப்பத்திலும்
ஒரு வாக்கியம் தயார் செய்தேன்,
அடுத்த திருப்பத்தில் தொலைத்தேன்.
கதவைத் திறந்தபோது
பாறை மீன் பொரிகிற வாசனை.
ஹாலில் அப்பா பனியனோடு
பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வர்ற?"
லைப்ரரி, என்றேன்.

"ஏழு இருபது," என்றார்
கடிகாரத்தைப் பார்க்காமலே.