கார் ஷெட்டில் கத்திரி

கார் தெருவில் நிற்கிறது, வேப்பஞ்சருகு மூடி.
அதன் இடத்தில்
இரும்புச் சட்டத்தில் ஆறு கார்டுகள்,
துணி காயப்போட்ட மாதிரி இடைவெளி விட்டு.
ஆனையூர், நான்காவது குறுக்குத் தெரு.
கத்திரி பிறந்து மூன்றாம் நாள்.

தோண்டுகிறேன் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.
மண்வெட்டி இல்லை, மண்ணும் இல்லை.
"போர் போடுறீகளா தம்பி? ராப்பூரா சத்தம் கேக்குதே"
என்றார் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர்.
ஆமா டீச்சர், இன்னும் தண்ணி வரல.

முதலில் ஷட்டரைப் பாதி தூக்கினேன்.
தெருவின் வெக்கை உள்ளே வந்து
உள்ளே இருந்த வெக்கையோடு
பேசிக்கொண்டிருந்தது.
பிறகு டேபிள் ஃபேன்.
அது சூட்டை ஒரு மூலையிலிருந்து
இன்னொரு மூலைக்கு வீடு மாற்றியது.
பிறகு ஏர்கூலர், வெட்டிவேர்த் தட்டி.
இரண்டு நாள் மணத்தது ஷெட்.
மூன்றாம் நாள் ஒரு திருகின் தலையில்
செம்பழுப்பாய்ப் புள்ளி.
என்னைவிட வேகமாய்த் தோண்டுகிறது துரு.

"குளிரை உள்ள கொண்டாரப் பாக்குறீக.
சூடு அங்குட்டுப் போக வழி விட்டீகளா?"
ஏசி மெக்கானிக் கபீர்
சாக்பீஸால் வட்டம் போட்டுக் கேட்டது
மேற்குச் சுவரில் இப்போது
ஓட்டையாக இருக்கிறது.

ஓட்டைக்குப் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன்
பழங்காநத்தத்தில் மூடிப்போன
ஒரு பரோட்டாக் கடையினுடையது.
எடைக்குப் போட்டிருந்தார்கள், எண்ணூறு ரூபாய்.
மண்ணெண்ணெய், சோடா உப்பு, பழைய பல்துலக்கி என்று
ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தும்
ஓடத் தொடங்கினால் சால்னா வாசம்.
நடுராத்திரி,
எங்கோ யாரோ விலை சொல்லும் காசை
இயந்திரங்கள் கணக்குப் போட்டுத் தேட
எனக்குப் பசிக்கிறது.

எண்பத்துமூன்று டிகிரி என்றால் கைபேசி கத்தும்.
எண்பத்தேழு என்றால் தானே அணையும்.
இப்போதெல்லாம் நான் எண்ணைப் பார்ப்பதில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடியே தெரியும்:
நான்காவது கார்டு, சுருதி ஏறுகிறது,
தூசி அடைத்திருக்கிறது, விடிந்ததும் ஊதவேண்டும்.
"என்னைய இப்பிடி ஒருநாளு காது குடுத்துக் கேட்ருக்கியா?"
இருட்டில் சொன்னாள் செவந்தி.
தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

வெளியே தள்ளிய அனல்
இரண்டடிச் சந்தைத் தாண்டி
டீச்சர் வீட்டு மதிலில் மோதியது.
சண்டைக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன்.
மறுநாள் மதில்மேல் ஒரு முறம், நிறைய மோர்மிளகாய்.
"ராத்திரியும் காயுதுல்ல, நிப்பாட்டிறாதீக."

ரீடிங் எடுக்க வந்தவர்
மீட்டரை இரண்டு தரம் படித்தார்.
உள்ளே எட்டிப் பார்த்து, வெல்டிங் பட்டறையா என்றார்.
கரண்டுக்குப் போக மிச்சம்
காலையில் எழுநூற்றுப் பன்னிரண்டு.
மத்தியானம் விலை இறங்கி
அறுநூற்று நாற்பது.
செவந்தியிடம் காலைக் கணக்கைச் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம்
நாகமலைப் பக்கம் கறுத்தது.
மண்வாசம் முதலில்.
பிறகு இலை, தாள், யாருடையதோ ஒரு பனியன்.
எண்பது, எழுபத்துநான்கு, அறுபத்தாறு.
இத்தனை நாள் நான் கெஞ்சிய எண்கள்
கேட்காமலே இறங்கி வர,
ஓட்டை வழியாகச் சாரலும் வர,
தார்ப்பாய் தேடி ஓடினேன்.

தெருவே மழையில் நின்றது.
டீச்சர் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.
ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இறக்கி,
தார்ப்பாய்க்கு ஆணி போதாமல்
ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.
முதுகில் மழை.
நெஞ்சில் ஆறு கார்டுகளின் மூச்சு.

"வெளிய வாயேன்யா"
ஷட்டரைத் தட்டினாள் செவந்தி,
வளையலிலிருந்து தண்ணீர் தெறிக்கும் சத்தத்தோடு.
காரு புதுசு மாதிரி இருக்கு, வந்து பாரு.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று.
வாரேன் என்றேன்.
எழுபத்தைந்து.